முதுகுவலிக்கு ஆபரேஷன்: அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

களமசேரியில் நம் சங்க அன்பர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதுகுவலியில் வந்து நிற்கிறது. "ஆபரேஷன் செய்தால் படுத்த படுக்கைதான்" என்பார் ஒருவர். "செய்துகொண்டால் மறுநாளே தீர்ந்தது" என்பார் மற்றொருவர். இரண்டையும் கேட்டுக் குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வலி முதுகின் அடியிலிருந்து கால் கட்டைவிரல் வரை இறங்கியது. ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்று வந்தது. உடனே ஆபரேஷன் என்றான் மகன். கூடவே கூடாது என்றாள் மனைவி.

ஸ்கேன் படம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றி 2015-ல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. அதன்படி 20 வயதில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் இந்தப் பிதுக்கம் உண்டு!

2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, கால்வரை கடும் வலி பரவிய 283 பேரைப் பற்றியது. ஒரு பகுதியினருக்கு விரைவில் ஆபரேஷன். மற்றவர்கள் மருந்துடன் காத்திருந்தனர். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அமெரிக்க அதிபர் கென்னடிக்கு 1944 முதல் 1957 வரை முதுகில் நான்கு முறை கத்தி வைத்தார்கள். வலி தீரவில்லை. 1961-ல் டாக்டர் ஹான்ஸ் கிராஸ் கற்றுக்கொடுத்த உடற்பயிற்சிதான் அவருக்கு ஆறுதல் தந்தது.

அதற்காகக் கத்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டவாளம் தேய்ந்திருந்தால் வேகத்தைக் குறைத்து வண்டியை விடுவோம். முறிந்திருந்தால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவோம். முதுகுக்கும் அப்படித்தான். சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் தொய்வது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவை சிவப்புக் கொடிகள். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நம் களமசேரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொரு விஷயம். மலையாள டாக்டரிடம் 'இடுப்பு வலி' என்றால் அவர் இடுப்பெலும்பை நினைத்துக்கொள்ளக்கூடும். 'நடுவேதன' என்று சொல்லுங்கள். மரத்துப்போவதை 'மரவிப்பு' என்று சொல்லுங்கள். சொல் மாறினால் சிகிச்சையும் மாறிவிடும்.

என் டாக்டர் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பலம் குறையவில்லை. "காத்திருக்கலாம்" என்றார். தினமும் நடக்கிறேன், சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறேன். வலி பாதியாகியிருக்கிறது, முழுதும் போகவில்லை. விரல் தொய்ந்தால் அன்றே ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே அன்பர்களே, பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்தோ படத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். உங்கள் கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.