வெற்றியை அளப்பவர் யார்?

கம்பம் பள்ளத்தாக்கிலே மாலைவேளையில் கபடிக் களத்தைக் கண்டோர், நம் இளைஞர்க்கு விளையாட்டில் உள்ள ஊக்கத்தை நன்கறிவர். பெரியகுளத்தில் கோடைதோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் பந்தயமோ உள்ளூர்ச் சங்கமொன்றினால் பல்லாண்டுகளாக நடத்தப்பெற்று வருவது. ஆர்வலரே இங்ஙனம் நடத்தவல்ல விளையாட்டில், கல்லூரிகளுள் முதன்மை எதற்கு என்று தீர்மானிக்கும் முறையில் அரசாங்கம் தலையிடுதல் தகுமோ?

தலையீடு அறவே கூடாது என்பர் ஒருசாரார். அமெரிக்க நாட்டின் செய்தி இங்கு நோக்கத்தக்கது. அங்கே 1998 முதல் கல்லூரிக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் பந்தயத்திற்குரிய இரு குழுக்களை, வாக்கெடுப்பும் கணிப்பொறியும் தெரிந்தெடுத்தன. 2008ஆம் ஆண்டுப் பருவத்தில் யூட்டா பல்கலைக்கழகம் ஓர் ஆட்டத்திலும் தோலாதிருந்தும் இறுதிப் பந்தயத்தில் இடம்பெறவில்லை. 2009இல் பிரதிநிதிகள் சபையின் உட்குழுவொன்று இம்முறையை எதிர்த்து ஒரு மசோதாவை ஏற்றது, அது சட்டமாகவில்லை. ஆயினும் 2014இல் கல்லூரிச் சங்கங்களே நான்கு குழுக்கள் மோதும் முறையை அமைத்தன. 2024இல் அது பன்னிரண்டாயிற்று. அரசாங்கம் வினவியது, திருத்தியவர் விளையாட்டுக்குரியவரே.

நம் நாட்டிலோ அரசாங்கமே கோப்பை வழங்குகின்றது. 1956-57இல் ஏற்பட்ட மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, மாணவர் பெறும் வெற்றிகளைப் புள்ளிகளாக்கி, மிக்க புள்ளி பெறும் பல்கலைக்கழகத்திற்கு நெடுங்காலம் அளிக்கப்பட்டு வந்தது. அமிருதசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் இருபதுக்கும் மேற்பட்ட முறை அதனைப் பெற்றது. அதன் வீரர் உழைப்பை யாம் குறைகூறோம். ஆனால் இவ்வளவுகோல் பதக்கங்களை எண்ணுமேயன்றி மைதானங்களை எண்ணாது. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி மாணவன் ஈட்டும் புள்ளி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும், பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி மாணவி ஈட்டும் புள்ளி கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகத்தையும் சேரும். ஒரே பள்ளத்தாக்கின் உழைப்பு இரண்டு கணக்குகளில் பிரிந்து நிற்க, ஓடுதற்கு நல்ல தடம் அவர்க்கு வாய்த்ததோ என்று அக்கணக்கு கேட்பதில்லை.

அங்ஙனமாயின் அரசாங்கம் விலகி நிற்கலாமோ? நிற்றல் இயலாது. தமிழ்நாட்டில் அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்று விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு நற்சான்றிதழ் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை எரிக்குமென்றால், அச்சான்றிதழ் நேர்மையாய்க் கிடைத்ததோ என்று பார்ப்பது அரசாங்கத்தின் கடமையன்றோ?

ஆகவே அரசாங்கம் செய்யத்தக்கவை மூன்று. சிற்றூர்க் கல்லூரிக்கும் மைதானமும் பயிற்சியாளரும் பிரயாணச் செலவும் அளித்தல் ஒன்று. விதிகளைப் பருவந்தொடங்குமுன் வெளியிடச்செய்து, இடையிலே மாற்றவொட்டாது காத்தல் மற்றொன்று. அநீதியுற்றவன் முறையிடச் சார்பற்ற மன்றம் அமைத்தல் மூன்றாவது. 2025ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இதற்கெனத் தேசியத் தீர்ப்பாயத்தை வகுத்துள்ளது. அத்தகைய வழி கல்லூரிப் பந்தயத்தில் ஆடும் கடைசி மாணவனுக்கும் எளிதிற் கிட்டவேண்டும். யார் முதல்வர், எத்தனை குழுக்கள் மோதுக என்பவற்றை ஆடுவோர்தம் சங்கங்களே முடிவு செய்க.

பொருள் கொடுப்போர்க்குத் தீர்ப்புரைக்கவும் உரிமையுண்டு என்று சிலர் வாதிப்பர். உதவிபெறும் கல்லூரியில் ஆசிரியர்க்கு ஊதியம் அளிப்பது அரசாங்கமே. அதுபற்றி விடைத்தாளில் மதிப்பெண் இட அதற்கு யாரேனும் உரிமை தருவரோ?

பெரியாறு அணையின் மதகு திறக்கப்பெற்று, இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு நீர் வருகின்றது. கடைமடைக்கும் நீர் சென்றதோ என்று பார்ப்பது அதிகாரிகள் வேலை. எவன் வயல் நன்கு விளைந்ததென்பதை அறுவடையே சொல்லும்.