சிறிய அடுக்களையில் டோஸ்டர்



காலையில் பள்ளிக்கும் பணிக்கும் விரைவோர் உள்ள இல்லங்களில் டோஸ்டர் பயனுள்ள கருவியே. ஆயினும் மிக்சிக்கும் கிரைண்டருக்குமே இடம் போதாத அடுக்களையில் அதனை எங்கே வைப்பது? கடைக்குச் செல்லுமுன் மேடையை அளந்து பாருங்கள்.

நீள அகலங்களோடு மேலுள்ள வெற்றிடத்தையும் அளத்தல் வேண்டும். துண்டுகள் மேலெழும்பும் டோஸ்டரில் வெப்பமும் மேல்நோக்கியே செல்லும். உள்ளே சிக்கிய ரொட்டி தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே மர அலமாரியின் கீழோ சன்னல் திரையின் அருகிலோ வைத்து அதனை இயக்கலாகாது. இடம் மிச்சமென்று அத்தகைய மூலையில் ஒதுக்குவது ஆபத்தையே விலைக்கு வாங்குவதாகும்.

இரு துண்டுகளை ஒரே வரிசையில் ஏற்கும் நீண்ட ஒற்றைப் பிளவுடைய வகை, அகலம் குறைந்தது. ஒடுங்கிய மேடைக்கு ஏற்றது. அடியில் துகள்தட்டு உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். தேங்கும் துகள்களும் தீப்பற்றக்கூடியவை. மின்செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 800 வாட் கருவியை முறைக்கு 3 நிமிடம் வீதம் 25 முறை இயக்கினால் ஒரு யூனிட்டே செலவாகும். ஓவன் வகையோ மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறையே ரொட்டி உண்ணும் இல்லத்திற்கு ஆணியில் மாட்டும் கம்பிவலையோ, இருக்கும் தோசைக்கல்லோ போதுமானது. திருமணப் பரிசாக வந்தது என்பதற்காகவே ஒரு கருவியை மேடையில் அமர்த்த வேண்டியதில்லை. அங்கு நாள்தோறும் நின்று உழைப்பவர் கைவீசி வேலை செய்ய இடம் உண்டா என்பதையே முதலில் கேளுங்கள், அவரிடமே கேளுங்கள்.