கூலம் காணாக் களஞ்சியம்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. இட்ட பெயரை மாற்றுதல் அரிது. சிந்துவெளியைச் சார்ந்த மொகஞ்சதாரோவில், பெருங்குளத்தின் மேற்கே, 27 செங்கல் மேடைகள் இடையிடையே ஒடுங்கிய சந்துகளுடன் வரிசையாய் அமைந்துள்ளன. இக்கட்டடத்தின் ஒரு பகுதியை முதலிற் கண்ட ஸர் ஜான் மார்ஷல், அதனை வெப்பக் குளிப்பிடமாகக் கருதினார். 1950-இல் மேலும் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அச்சந்துகள் காற்றோட்டத்தின் பொருட்டு அமைந்தவை என்றும், மேடைகளின்மேல் மரத்தாலான தானியக் களஞ்சியம் இருந்தது என்றும் கூறினார். அப்பெயரே பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது.

ஆயின், களஞ்சியமென்று துணிதற்கு வேண்டிய சான்று யாது? கரிந்த தானியக் குவியல் அங்கே கிடைத்திலது. தானியம் வைத்த தாழிகளின் தொகுதியும் கிடைத்திலது. யோர்தான் நாட்டுத் த்ரா என்னும் இடத்தை இதனோடு ஒப்பிடுக. ஏறக்குறைய 11,300 ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வூரில், காற்று உலாவவும் எலி புகாதிருக்கவும் தளத்தை உயர்த்திக் கட்டிய சிறு வட்டக் கட்டடங்கள் உள்ளன. வாற்கோதுமை உமியின் நுண்ணெச்சங்களும் அங்கே காணப்பட்டன. 2009-இல் வெளியான ஆராய்ச்சி, அமைப்பும் எச்சமும் ஒருங்கே சான்று பகர்ந்தமையால் அவற்றைக் களஞ்சியங்கள் என்றது. மொகஞ்சதாரோவிலோ அமைப்பு ஒன்றே பேசுகின்றது. அதுவும் ஐயத்திற்கு இடமாகவே பேசுகின்றது.

பெயர் பிழைத்தலால் வரும் கேடு யாது எனின், பெயரோடு நில்லாது அதன்மேற் கதையும் வளர்தலேயாம். களஞ்சியம் உண்டாதலின், தானியத்தை வரியாகத் தண்டிய வல்லரசு உண்டு என்பர்; வல்லரசு உண்டாதலின், அதற்குக் களஞ்சியம் இருந்தே தீரும் என்பர். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இவ்விரு தூண்களுள் எதுவும் நிலத்தில் ஊன்றியதன்று.

அத்துணைப் பெரிய நகரத்தார் தானியத்தைச் சேமியாது வாழ்ந்திரார் என்பது உண்மையே. எங்கோ சேமித்தனர் என்பது வேறு. இங்கேதான் சேமித்தனர் என்பது வேறு. ஆதலின், கெனோயர் முதலிய அறிஞர் வழங்குமாறு 'பெருமண்டபம்' என்றழைப்பதே நேர்மையாம்.

மாணவ நண்பர்காள்! நூலில் ஒரு முடிவைக் காணுங்கால், 'அங்குக் கிடைத்தது யாது?' என்று முதலில் வினவுங்கள். வெறுங் களஞ்சியத்தை நிறைந்ததெனக் கணக்கெழுதும் கணக்கனை எவரும் நம்பார். சரித்திரக்காரனுக்கும் அந்நீதியே பொருந்தும்.