வேலி யாருக்கு எதிராக? பன்னி புல்வெளி எழுப்பும் கேள்வி

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்துள்ளது. உலகின் மேய்ச்சல் நிலங்களில் பாதி வரை சீரழிந்துவிட்டதாக ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு அமைப்பு 2024-இல் எச்சரித்தது. காடு அழிந்தால் எழும் குரல், புல்வெளி அழியும்போது எழுவதில்லை. நம் நாட்டில் அரசு ஆவணங்களே பல புல்வெளிகளைத் 'தரிசு' என்ற கணக்கில்தான் வைத்திருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே வாழ்பவருக்கு உரிமை ஏது?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் இடம் குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் உள்ள பன்னி. பூஜ் நகருக்கு வடக்கே, ரண் உப்புவெளியின் ஓரமாக ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது இந்தப் புல்வெளி. இங்குள்ள 48 குடியிருப்புகளில் வாழும் மால்தாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜத், முத்வா, ஹாலேபோத்ரா எனப் பல பிரிவினர். இவர்களோடு மேக்வால் மக்களும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 'மால்' என்றால் கால்நடை. அதை வைத்திருப்பவர் மால்தாரி. இவர்கள் வளர்த்தெடுத்த பன்னி எருமையை 2010-இல் தனி இனமாக மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அங்கீகரித்தது. வெயிலைத் தவிர்த்து இரவில் தானாக மேயச் சென்று, விடியலில் பால் கறக்க வீடு திரும்பும் எருமை இது.

கெட்டது எப்படி?

புல்வெளி நலிந்ததற்கு 'அதிக மேய்ச்சல்' என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவது அதிகாரிகளுக்கு எளிது. கால்நடை அளவுக்கு மிஞ்சி ஒரே இடத்தில் நின்றால் புல் அழியும் என்பது உண்மைதான். ஆனால் பன்னியின் கதையில் வேறு கைகளும் இருக்கின்றன.

உப்பு பரவுவதைத் தடுக்க என்று 1961-இல் வனத்துறை இங்கே சீமைக் கருவேலத்தை விதைத்தது. அந்த மரம் என்ன செய்யும் என்று இராமநாதபுரத்து மக்களிடம் கேட்டால் போதும். நாம் விளக்க வேண்டியதில்லை. கச்சு மக்கள் அதற்கு 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக் கருவேலம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காய்களைத் தின்ற கால்நடைகளின் சாணத்தில் விதை பரவியது. புல்வெளியின் பெரும்பகுதி முள்காடானது. காய்களை அதிகம் தின்ற பசுக்கள் நோயுற்று மடிந்தன. காங்கிரேஜ் மாடுகள் குறைய, அதைத் தாங்கும் எருமையை நோக்கி மக்கள் நகர்ந்தார்கள். மேய்ச்சலை இழந்த ஏழைகள் அதே மரத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்தார்கள். இன்னொரு பக்கம், தெற்குக் குன்றுகளிலிருந்து ஓடிவந்து மண்ணின் உப்பைக் கழுவிய ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. நன்னீர் குறைய, உப்பு ஏறியது.

உரிமையும் சிவிங்கிப்புலியும்

1955-லேயே பன்னி 'பாதுகாக்கப்பட்ட காடு' என அறிவிக்கப்பட்டது. நிலம் வருவாய்த் துறைக்கா, வனத்துறைக்கா என்ற குழப்பம் அதன் பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் வெளிப்படையாகவே ஏற்கிறது. அதன் அடிப்படையில் பன்னி மக்கள் சமூக உரிமை கோரி மனுக்கள் அளித்தார்கள். இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இதற்கிடையே பொதுப் புல்வெளியில் சிலர் வேலியிட்டுப் பயிர் செய்யத் தொடங்கினர். வேலியிட்டவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, இதை மறைப்பதற்கில்லை. அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியதும் மால்தாரிகளின் கால்நடை வளர்ப்போர் சங்கமே. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்தில் அகற்றும்படி 2021-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமை மால்தாரிகளுக்கு உண்டு என்பதையும் உறுதி செய்தது.

இப்போது சிவிங்கிப்புலி வருகிறது. 1952-இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட இந்த விலங்கு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டது. பன்னியில் அதற்கான இனப்பெருக்க மையம் அமைக்க 2023 இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கென ஒதுக்கப்பட்டது சுமார் 500 ஹெக்டேர். மொத்தப் பரப்பில் இது சிறு துண்டுதான். அப்படியானால் அச்சம் எதற்கு?

குனோவின் வரலாறே பதில். சிங்கங்களைக் குடியேற்றப் போகிறோம் என்று சொல்லி அங்கே 24 கிராமங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. பெரும்பாலும் சகாரியா பழங்குடியினர். சிங்கம் வரவேயில்லை, மக்கள் போனது போனதுதான். இன்னொரு பாடம் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயம். 1982-இல் அங்கே மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய நீண்ட ஆய்வு என்ன கண்டது? எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கே அது கேடாயிற்று. மேய்ச்சலும் அந்தச் சூழலின் ஓர் உறுப்பு என்பது உயிர்கள் பலியான பிறகே புரிந்தது.

'ஹிமா' சொல்லும் நீதி

மேய்ச்சல் நிலத்தைப் பாதுகாக்க எல்லை வகுப்பது இஸ்லாமிய மரபுக்குப் புதிதல்ல. அதன் பெயர் 'ஹிமா'. அறியாமைக் காலத்தில் குலத் தலைவன் தன் நாய் குரைப்பது கேட்கும் தூரம் வரை தனக்கென நிலத்தை வளைத்துக்கொள்வான் என்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்தார்கள். பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா என்றாக்கினார்கள். தண்ணீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே.

கலீஃபா உமர் (ரலி) ஹிமாவின் பொறுப்பாளருக்கு இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடச் சொன்னார்கள். பெருஞ்செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். அவர்களின் கால்நடை மடிந்தால் பேரீச்சந்தோட்டமும் வயலும் இருக்கின்றன; ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிர்வாகக் கணக்காகப் பார்த்தாலும் இது சரி: பிறகு பொற்காசுகளை அள்ளிக் கொடுப்பதைவிட இப்போது புல்லைக் கொடுப்பது மலிவு.

அதாவது, கட்டுப்பாடு தேவை. அதன் சுமை முதலில் வலியவன் மீது விழ வேண்டும். இன்றைய பாதுகாப்புத் திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ரண் உற்சவத்தின் கூடார நகரம் பன்னியின் தோர்டோவில்தான் ஆண்டுதோறும் எழுகிறது. சுற்றுலாவுக்கு இடமிருக்கும் மண்ணில், எருமைக்கு இடமில்லை என்று சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. புதிய வேலி எதற்கும் முன்னால் சமூக உரிமைப் பட்டயங்கள் மக்கள் கைக்கு வர வேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்றும் பணியும், பூர்வீகப் புல்லை மீட்கும் பணியும் மால்தாரிகளின் அறிவோடும் கூலியோடும் நடக்க வேண்டும். ஓநாய், கழுதைப்புலி, சிங்காரா மான், சாரி தாண்ட் ஏரிக்கு வரும் கொக்குகள் என எல்லாம் இம்மக்களோடுதான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கின்றன. மால்தாரிகளும் தங்கள் பங்குக்கு, தம்மவரே போட்ட வேலிகளை அகற்றும் உறுதியைக் கைவிடக் கூடாது.

சிவிங்கிப்புலி பன்னியில் வாழட்டும். அதுவும் இறைவனின் படைப்பே. அதற்கான விலையை, அந்தப் புல்லை இதுவரை காத்தவர்களிடமே வசூலிப்பது நீதியாகாது.