மண்டைக்குள்ள காப்பி அடிக்கிறாங்க!

எக்ஸாம் ஹால்ல 60 பேர். தனித்தனியா எழுதினா, ஒருத்தரோட தப்பை இன்னொருத்தர் சரிக்கட்டலாம். 60 பேரும் ஒரே பேப்பரைப் பார்த்து அடிச்சா? விடைத்தாள் 60, விடை ஒண்ணுதான்!

உங்க மூளையிலயும் இதே கூத்து நடக்குது பாஸ். மார்கழிப் பனியில தாம்பரம் பிளாட்பாரத்துல நிக்கறீங்க. தூரத்துல ஒரு வெளிச்சம். லோக்கலா, எக்ஸ்பிரஸா? ஒரு நொடி அப்படித் தெரியும், மறு நொடி இப்படி. ஏன்னா, ஒரே காட்சியைப் பத்து தடவை பார்த்தாலும், ஒரு நியூரான் பத்து தடவையும் ஒரே மாதிரி துடிக்காது. 'அதான் கோடிக்கணக்குல இருக்கே, சராசரி எடுத்தா சரியாகிடுமே'ன்னு கேட்பீங்க.

ஆகாது! பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குது. 1994-ல் சொஹாரி, ஷேட்லன், நியூசம் மூணு பேரும் குரங்குகளோட மூளையில இதை அளந்தாங்க. அந்த ஒற்றுமை சராசரியா 0.12 தான். இந்தத் துளியே போதுமாம். சுமார் 100 நியூரானுக்கு மேல எத்தனை சேர்த்தாலும் பெரிய லாபம் இல்லை!

சரி, உத்துப் பார்த்தா? கவனம்னா நியூரான்கள் சத்தமா பேசறதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 2009-ல் மார்லின் கோஹன், ஜான் மான்செல் ரெண்டு பேரும் வேற கதை சொன்னாங்க. கவனத்தால கிடைக்கிற லாபத்துல 80 சதவிகிதத்துக்கு மேல, அந்த ஒற்றுமை குறையறதாலதான் வருதாம். அதாவது, கவனம்ங்கறது மைக் இல்லை. காப்பி அடிக்க விடாத இன்விஜிலேட்டர்!

2019-ல் அனிர்வன் நந்தியும் கூட்டாளிகளும் இதை நேரடியாவே சோதிச்சாங்க. ஒளியைப் பாய்ச்சி, குரங்கோட நியூரான்களை மெதுவான தாளத்துல சேர்ந்து ஆட வெச்சாங்க. நுணுக்கமான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற திறமை குறைஞ்சுபோச்சு. வேகமான தாளத்துல ஆட வெச்சப்ப பாதிப்பே இல்லை!

இப்ப விஷயத்துக்கு வருவோம். படி ஏறச் சோம்பல்பட்டு, போனைப் பார்த்துக்கிட்டே தண்டவாளத்தைத் தாண்டற மகராசன்களே, மகராசிகளே... உங்க இன்விஜிலேட்டர் ஸ்க்ரீன் பக்கம் போயிட்டார். வண்டி வர்ற பக்கத்தைப் பார்க்கிற நியூரான்களுக்கு அவரோட உதவி இல்லை. கண்ணு திறந்துதான் இருக்கும். ஆனா அந்தப் பக்கம் ஹால் முழுக்கக் காப்பி.

இந்தப் பரீட்சைக்கு அரியர் கிடையாது. மேம்பாலத்துலயே போங்க, ப்ளீஸ்!