தலைமையாசிரியர் போனார், பயம் போகவில்லை

நான் பணியாற்றிய அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், எங்கள் தலைமையாசிரியை மாறுதல் பெற்றுக் கிளம்பிய நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மேசை இழுப்பறையிலிருந்த பேனா, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு சால்வை, ஒரு குழுப்படம். பத்து நிமிடத்தில் பிரிவு உபசாரம் முடிந்தது. வாசல்வரை உடன் போனவர் அலுவலக உதவியாளர் மட்டுமே. தலைமையாசிரியை ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் ஆசிரியர் அறையில் யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

அவரிடம் நாங்கள் பட்டது பொய்யில்லை. காலை மணி அடித்த கையோடு வருகைப் பதிவேடு அவர் மேசைக்குப் போய்விடும். பேருந்து தாமதமாகி ஓடி வந்தவரின் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் இருக்கும். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு, அதில் ஒரு நாள் கேட்கப் போனாலும், “பிள்ளைங்க படிப்பு என்னாவுறது டீச்சர்?” என்று மாணவர்கள் எதிரிலேயே கேட்பார். சிறு பிழைக்கும் மெமோ வரும். அதற்கு மேல் பேசினால் ‘17(ஆ)’ என்பார். பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கை விதி அது. அந்த எண்ணைக் கேட்ட ஆசிரியருக்கு அன்று இரவு தூக்கம் வராது.

நாற்காலி தரும் நெருக்கடி

இதை ஒருவரின் குணக்கேடு என்று முடித்துவிடுவது எளிது. அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர்கள் பணிமூப்பின்படி உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிறார்கள். நேற்றுவரை கரும்பலகை முன்னால் நின்றவர், இன்று கட்டடம், கணக்கு, சத்துணவு, இலவசப் பொருட்கள், எமிஸ் எனும் கல்வித் தகவல் தளப் பதிவேற்றம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என அத்தனைக்கும் பொறுப்பு. மனிதர்களை வேலை வாங்குவது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி என்று பதவியேற்கும் முன் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் 2012-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020, தலைமையாசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆனால் அந்த அக்கறை, பதவி உயர்வு ஆணையோடு சேர்ந்து ஊர்ப் பள்ளியின் வாசலுக்கு வருவதில்லை.

தேர்ச்சி விழுக்காடு குறைந்தால், மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் மற்ற தலைமையாசிரியர்கள் எதிரில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். அங்கே வாங்கிய சூட்டை மறுநாள் எங்கள்மீது இறக்கினார். நாங்கள் வகுப்பில் இறக்கினோம். கடைசியில் அடி வாங்கியது எட்டாம் வகுப்புப் பிள்ளை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே கண்டிப்பை ஓர் ஆண் தலைமையாசிரியரிடம் கண்டபோது ‘நிர்வாகம் தெரிந்தவர்’ என்றோம். இவரை ‘ராட்சசி’ என்றோம். மாணவிகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வர அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரும் இவர்தான். அதை ஒருநாள்கூட நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாங்கள் கற்ற பழக்கங்கள்

அவரிடம் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளை எப்படிக் கடத்தினோம்? அவர் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு. ஆசிரியர் அறையில் இரண்டு அணி. ‘அந்தம்மா காதுக்குப் போயிடும்’ என்று பக்கத்து நாற்காலிக்காரரையே சந்தேகிக்கும் பார்வை. மேலிடத்துக்குப் போன மொட்டைக் கடுதாசிகள். பெயர் போட்டு எழுதும் துணிவு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை; எனக்கும் வரவில்லை. பொறுக்க முடியாத கணித ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போனார். அந்த இடம் பல மாதம் காலியாகக் கிடந்தது. பத்தாம் வகுப்புக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லக்கூட நாங்கள் வாய் திறக்கவில்லை.

புதிய தலைமையாசிரியர் மென்மையானவர். முதல் கூட்டத்திலேயே, “பள்ளிக்கு என்ன செய்யலாம், தயங்காம சொல்லுங்க” என்றார். எல்லோரும் குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டியே கிடந்த அறிவியல் ஆய்வகத்தின் சாவியை ஆசிரியர் அறை ஆணியில் மாட்டி, “கையெழுத்துப் போட்டுட்டு யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்” என்றார். இரண்டு மாதம் அந்தச் சாவி ஆணியிலேயே தொங்கியது. ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலும் நம் தலையில் விழும் என்ற பயம். திட்டியவர் போய்விட்டார், திட்டு விழும் என்ற எதிர்பார்ப்பு எங்களிடமே தங்கிவிட்டது.

மாற வேண்டியவை

மாறுதல் ஆணை ஒரு பள்ளியின் வலியை இன்னொரு பள்ளிக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். பதவி உயர்வு பெறுபவருக்குப் பொறுப்பேற்கும் முன்பே பயிற்சி தர வேண்டும். அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒருவர் முதல் ஆண்டு முழுக்க அவருக்குத் துணை நிற்க வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் எழும் மாற்றுக் கருத்து தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பெயர் போட்டு வரும் புகாரை, குறித்த நாளுக்குள், அந்தத் தலைமையாசிரியரின் நேரடி மேலதிகாரி அல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், பள்ளியின் சூழலைப் பற்றியும் கேட்க வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. ஆசிரியர் அறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உரிய நேரத்தில், உரியவர் முகத்துக்கு நேரே, மரியாதையோடு பேசுவது. பழைய தலைமையாசிரியையின் அறைக்குள் நான்கு பேர் சேர்ந்து போய், “மேடம், பிள்ளைங்க எதிர்ல கேட்காதீங்க, கஷ்டமா இருக்கு” என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் மாறியிருப்பாரா, தெரியாது. நாங்கள் மாறியிருப்போம்.

மூன்றாம் மாதம் அந்த ஆய்வகச் சாவியை எடுத்தவர், பணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளம் ஆசிரியை. பதிவேட்டில் தன் பெயரைத் தெளிவாக எழுதினார். தூசி தட்டிய மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்க, நீல லிட்மஸ் தாள் எலுமிச்சைச் சாற்றில் சிவந்தது. அந்தச் சாவியை முதல் நாளே எடுத்திருக்க வேண்டியவர்கள், என்னைப் போல இருபது ஆண்டு பணி முடித்தவர்கள்.