இருபதாம் வாரத்துப் பார்வை

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மனைவி முதற் பிள்ளையைச் சுமந்து இருபது வாரங்கள் ஆகியிருந்தன. அன்று காலைதான் இருவரும் ஸ்கான் பரிசோதனைக்குச் சென்று திரும்பியிருந்தனர்.

"சேர், இதிலை என்னவோ எழுதிக் கிடக்குது. மத்தியானத்திலை இருந்து அவ அழுதுகொண்டிருக்கிறா. ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று அத்தாளை எம்மிடம் நீட்டினார்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நச்சுக்கொடி தாழ்வாக அமைந்துள்ளது என்பதும், பன்னிரண்டு வாரங்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். அச்சொற்களுக்குப் பொருள் கூற எம்மால் முடிந்தது. ஆனால், அது அஞ்சத்தக்கதா அன்றா என்று கூற எமக்குத் தகுதியில்லை. அதை ஒளிக்காமற் சொல்லி, மறுநாட் காலையிலேயே தங்கள் பகுதி மருத்துவமாதைக் காணும்படி அவரை அனுப்பிவைத்தோம்.

விடைபெறும் வேளையில் அவர் கூறிய இன்னொரு செய்தி எம் மனத்தைவிட்டு நீங்கவில்லை. வீட்டில் பெண்ணின் தாயார் "பிள்ளைக்கு ஏதும் குறையோ?" என்று கேட்டாராம். மாமியார் "ஆணோ, பெண்ணோ?" என்று கேட்டாராம். அந்தப் பரிசோதனை எதை அறிவதற்காகச் செய்யப்பட்டது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் அந்தப் பெண் ஒரு நாட் பொழுதை அழுகையிற் கழித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, இவ்வாரம் அது குறித்தே எழுதத் துணிந்தோம். நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவர் கூறுவனவற்றை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வருவதே எமது பணி.

இப்பணி நம் குடாநாட்டுக்குப் புதியதுமன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவம் செய்ததோடு அமையாது, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவற்றுள் மகப்பேற்று மருத்துவம் பற்றிய நூலும் ஒன்று. தாய்மாருக்கு நேர்வதைத் தாய்மொழியில் விளக்க வேண்டும் என்ற அறிவு அக்காலத்திலேயே இருந்தது. இன்று கருவி வளர்ந்துவிட்டது; விளக்கந்தான் ஆங்கிலத் தாளில் நின்றுவிட்டது.

முதலிற் கருவியைப் பார்ப்போம். மனிதச் செவி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கவல்லது. ஸ்கான் கருவி எழுப்பும் ஒலியோ செக்கனுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் உடையது. இதனை மீயொலி என்பர். வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கொண்டு இருளில் வழியறிவதைப் போல, இக்கருவியும் வயிற்றுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைப் படமாக்குகின்றது. எலும்பு மிகுதியாக எதிரொலிப்பதால் வெண்மையாகவும், நீர் எதிரொலிக்காமையால் கருமையாகவும் தோன்றும். இஃது எக்ஸ்-கதிர் அன்று. மருத்துவத் தேவைக்காக முறைப்படி செய்யப்படும் இப்பரிசோதனையால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தமைக்குச் சான்று இல்லை.

இதன் பிறப்பு ஒரு சுவையான கதை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட், 1955இல், உலோகத்தின் உள்வெடிப்புகளை ஒலியாற் கண்டறியும் கருவி ஒன்றைக் கொதிகலன் தொழிற்சாலையிற் கண்டார். பெண்களின் வயிற்றிலிருந்து அகற்றப்பட்ட கட்டிகளை அங்கே எடுத்துச் சென்று, அக்கருவியால் ஆராய்ந்தார். பின்னர், ஜோன் மக்விகார் என்ற மருத்துவரோடும் தொம் பிறவுண் என்ற பொறியியலாளரோடும் சேர்ந்து, தம் ஆய்வை 1958ஆம் ஆண்டு யூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இரும்பின் குறை காணப் பிறந்த கருவி இவ்வாறு கருவறையின் காவலாயிற்று.

இனி, இருபதாம் வாரம் எதற்கு? கருவுற்ற தொடக்கத்தில் எடுக்கும் ஸ்கான் பிள்ளையின் வயதைக் கணிக்கவும், ஒரு பிள்ளையா இரட்டையா என்று அறியவும் உதவும். அவ்வேளையில் உறுப்புகள் மிகச் சிறியன. பதினெட்டாம் வாரத்துக்கும் இருபத்திரண்டாம் வாரத்துக்கும் இடையில், பிள்ளை ஏறக்குறைய முந்நூறு கிராம் எடையுடையதாய், உறுப்புகள் தெளிவாகக் காணத்தக்க அளவுக்கு வளர்ந்திருக்கும். அதைச் சூழ நீரும் போதிய அளவு இருக்கும். இதனாலேயே பிள்ளையின் உறுப்பமைப்பைப் பார்க்க இவ்வாரங்களைத் தெரிந்தெடுத்தனர். குறித்த நாள் தவறினால் சில விடயங்களைப் பார்ப்பது கடினமாகும். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பின்னர் பேருந்தேறிப் பட்டினம் வரவேண்டிய பெண்ணுக்கு இஃது ஒரு முழுநாட் பயணம். கடல் கொந்தளிக்கும் காலமாயின் இன்னும் சிரமம். அந்நாளை முன்னரே திட்டமிட்டு, துணைக்கு ஒருவரை ஒழுங்கு செய்துகொள்வது குடும்பத்தாரின் கடமை.

பரிசோதனை நாளில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சிறுநீரை அடக்கி வைத்திருக்க வேண்டுமா என்பது இடத்துக்கிடம் வேறுபடும். நாள் குறிக்கும்போதே கேட்டறிதல் நன்று. வயிற்றை எளிதில் வெளிப்படுத்தத்தக்க தளர்ந்த ஆடை போதும். கிளினிக் அட்டையையும் முன்னைய ஸ்கான் தாள்களையும் மறவாது எடுத்துச் செல்லல் வேண்டும். வயிற்றிற் குளிர்ந்த பசை ஒன்றைப் பூசுவார்கள். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே செல்லாது என்பதே அதற்குக் காரணம். நோவு இல்லை, சிறிது அழுத்தம் மட்டும் தோன்றலாம். இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை செல்லும். மருத்துவர் பேசாது திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தீக்குறியாகக் கொள்ளற்க. அளவெடுக்கும் தையற்காரரும் அப்படித்தான் மௌனமாயிருப்பார். பிள்ளை குப்புறக் கிடந்தால் சிறிது நடந்துவிட்டு வரச் சொல்வதும், வேறொரு நாள் வரச் சொல்வதும் வழக்கமே.

அவர் பார்ப்பவை எவை? தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து வளர்ச்சியைக் கணிப்பார். மூளையின் அமைப்பு, மேலுதடு, முதுகெலும்பின் வரிசை, இருதயத்தின் நான்கு அறைகளும் அதிலிருந்து புறப்படும் பெருங்குழாய்களும், இரைப்பை, சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, வயிற்றுச் சுவர், கைகால்கள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிள்ளையைச் சூழ்ந்த நீரின் அளவும், நச்சுக்கொடி கருப்பையில் எங்கே பற்றியுள்ளது என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பா.

இக்கருவி எல்லாவற்றையும் காணும் என்று எண்ணுவது தவறு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை இப்பரிசோதனைக்கு வகுத்த நியமங்களில், முதுகெலும்பு மூடாதிருக்கும் குறையை நூற்றுக்குத் தொண்ணூறு அளவிலும், உதட்டுப் பிளவை எழுபத்தைந்து அளவிலும், பாரிய இருதயக் குறைகளை ஐம்பது அளவிலுமே கண்டறிய எதிர்பார்த்தனர். வசதி மிக்க நாட்டிலேயே நிலைமை இது. பிள்ளையின் பார்வை, செவிப்புலன், அறிவாற்றல் ஆகியவற்றை ஸ்கான் கூறாது. டவுண் நோய்க்குறி உண்டா இல்லையா என்று அதனால் உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆகவே, "ஸ்கானில் ஒன்றும் இல்லை" என்பதற்கு, பார்க்கக் கூடியவற்றில் குறை தென்படவில்லை என்பதே பொருள். பின்னர் ஒரு குறை வெளிப்பட்டால் மருத்துவரையோ, தாயையோ பழி கூறுவது நேர்மையன்று.

குறை ஒன்று தென்பட்டால் என்ன செய்வது? இங்கேதான் இப்பரிசோதனையின் உண்மையான பயன் இருக்கின்றது. இருதயத்துப் பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறி அமைந்த பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது வயிற்றில் இருக்கும்வரை நலமாக வளரும். பிறந்து சில மணி நேரத்திலோ நாட்களிலோ நீலம் பாரித்து மூச்சுத் திணறும். கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற ஓரிடத்துக்கு, அந்நிலையிலுள்ள சிசுவை யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொண்டு செல்வது எத்துணை ஆபத்து! முன்னரே அறிந்திருந்தாலோ, தாய் நிறைமாதத்துக்கு முன்பே கொழும்புக்குச் சென்று பிரசவிக்கலாம். நோயுற்ற பிள்ளைக்குத் தாயின் வயிற்றைவிடச் சிறந்த அம்புலன்ஸ் வண்டி வேறில்லை.

சில வேளைகளில் பிழைக்க வழியற்ற குறையும் தெரியவரலாம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அத்தகைய தாய், முடிவைத் தெரிந்துகொண்டே மாதங்களைச் சுமக்க நேரும். அதனினும் கொடிய துன்பத்தை நாம் அறியோம். அவ்வேளையில், "எந்தப் பாவமோ" என்று வாய்விடும் உறவினரைவிட, அருகில் மௌனமாக இருக்கும் ஒருவரே அவளுக்குத் துணை. முதுகெலும்புக் குறையைப் பெருமளவு தடுக்கவல்ல போலிக் அமிலக் குளிசையைக் கருவுறுமுன்பே தொடங்க வேண்டும் என்பதையும் மணமாகும் பெண்கள் இங்கே குறித்துக்கொள்வார்களாக.

மாமியார் கேட்ட வினாவுக்கும் விடை கூற வேண்டும். ஆணா பெண்ணா என்று அறியும் ஆவல் இயல்பானதே. ஆனால், அந்த ஆவல் எங்கே சென்று முடியலாம் என்பதைக் கடலுக்கு அப்பால் கண்டோம். பெண் சிசுக்களைக் காக்கத் தமிழ்நாட்டரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஸ்கான் மூலம் பால் அறிந்து கூறுவதைத் தடைசெய்ய இந்தியா 1994இல் தனிச் சட்டமே இயற்றிற்று. நாம் அந்நிலைக்கு இறங்கவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். எனினும், பெண் என்றறிந்த கணமே சீதனக் கணக்கை மனத்துள் தொடங்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையென்று எவர் சொல்வார்? பிறக்குமுன்னரே பிள்ளையின் மீது ஏற்றும் அப்பாரம் தாயின் முகத்தில் முதலில் தெரியும்.

ஆகவே, அறையை விட்டு வெளியேறுமுன் தாயும் தந்தையும் கேட்க வேண்டியவை வேறு. வளர்ச்சி வாரத்துக்கு ஏற்றதா? உறுப்புகள் எல்லாவற்றையும் பார்க்க முடிந்ததா? நச்சுக்கொடி எங்கே உள்ளது? நீர் போதுமா? மீண்டும் வர வேண்டுமாயின் எப்போது, எதற்காக? தாளில் எழுதியதைத் தமிழிற் சொல்வீர்களா? இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. நம் பெண்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டவுடன் வாயடைத்து நிற்பதும், வீடு வந்து அழுவதும் இனியேனும் நிற்க வேண்டும்.

எமது மாணவரின் கதையை முடிக்கவில்லை. மறுநாள் மருத்துவமாது அவர்கள் வீட்டுக்கே வந்து, முற்றத்தில் அமர்ந்து விளக்கினாராம். இருபதாம் வாரத்தில் தாழ்ந்திருக்கும் நச்சுக்கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே விலகிவிடும். முப்பத்திரண்டாம் வாரமளவில் மீண்டும் பார்த்தால் நிலை தெரியும். அப்போதும் வாயிலை மறைத்திருந்தால் சத்திரசிகிச்சை மூலம் பிரசவத்துக்கு முன்கூட்டியே நாள் குறிப்பார்கள். அதற்கிடையில் சிறிதளவு உதிரம் கண்டாலும், நோவு இல்லையே என்று தாமதியாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இவ்வளவே அவர் கூறியது. பெண்ணின் அழுகை நின்றது. கணவர் அவசரத்துக்கு வாகனக்காரர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதிவைத்தார்.

அச்சம் போய் ஆயத்தம் வந்தது. இருபதாம் வாரத்துப் பார்வையால் ஒரு குடும்பம் பெறத்தக்க பேறு அதுவே. முப்பத்திரண்டாம் வாரம் இன்னும் வரவில்லை. அந்தத் தாள் ஆங்கிலத்திலேயே வரட்டும். இம்முறை அவர்கள் அதை எம்மிடம் கொண்டுவர வேண்டியிராது என்று நம்புகிறோம்.